நான்கும் சரி

கேள்வியைக் கடைசி வரியிலிருந்து படி என்பாள் மைதீன் பாத்து.
மேலே கிடக்கிற வயசு, தொழில், வாந்தி, ரத்த அழுத்தம்
எல்லாம் கல்யாண வீட்டு வாசல் கூட்டம்.
பொண்ணு உள்ளே இருக்கா, நேரா உள்ளே போ.

பெருமாள்புரத்தில் மாடியறை.
மூன்று பேர், ஒரு மின்விசிறி,
இரண்டு கட்டுப் பழைய வினாத்தாள்.
மின்சாரம் போனால் ஜன்னலோரம் யாருக்கு என்று சண்டை.

ஜாஸ்லினுக்குப் படிக்கப் பேருந்து வேண்டும்.
மூளை நரம்பு பன்னிரண்டையும்
டவுனிலிருந்து ஐகிரவுண்டு வரை
ஒவ்வொன்றாய் இறக்கி வைத்திருக்கிறாள்.
மோப்ப நரம்பு ஒரு கருவாட்டுக் கடை வாசலில்.
பார்வை நரம்பு ஈரடுக்குப் பாலத்தின் மேல்.
காதுக்கானது வண்ணார்பேட்டையில், ஹாரன்களுக்கு நடுவே.
பத்தாவது மட்டும் எங்கும் இறங்காது.
தொண்டை, இதயம், குடல் என்று சுற்றிக்கொண்டே இருக்கும்,
டிக்கெட் எடுக்காத பய.
ஒருநாள் கண்டக்டர் கேட்டார், எங்கம்மா இறங்கணும்?
முகநரம்பு, என்றாள்.

எனக்குச் சொன்னால் நிற்காது, எழுதினால் நிற்கும்.
தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள்:
முன்பக்கம் ராகுகாலம்,
பின்பக்கம் பொட்டாசியம்.
தலைகாணிக்கு அடியில் ஒரு வருசம் கிடக்கிறது.

தேர்வு ஒரு பள்ளிக்கூடத்தில்.
ஆறாம் வகுப்புப் பெஞ்சு, முட்டி இடிக்கிறது.
பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட பின்னக் கணக்கு.
நூறு கேள்வி. கறுப்புப் பேனா. வட்டத்துக்கு வெளியே மை போகக் கூடாது.

அறுபத்துமூன்றாவது:
நரம்பில் மருந்து நீர் ஏறும் இடம்
வீங்கி, வெளுத்து, குளிர்ந்திருக்கிறது.
செவிலியர் முதலில் செய்ய வேண்டியது எது?

அ. மருத்துவருக்குத் தெரிவிப்பது.
ஆ. கையை உயர்த்தி வைப்பது.
இ. நீர் ஏறுவதை நிறுத்துவது.
ஈ. குறிப்பேட்டில் பதிவது.

நான்கும் சரி.
நான்கு சரிகளில் எது முந்தி என்பதுதான்
எங்கள் படிப்பு மொத்தமும்.
'முதலில்' என்ற சொல்லுக்கு அடியில் கோடு போடு
என்று பாத்து சொல்லியிருக்கிறாள்.
கோடு போடவில்லை.

மூன்றாம் வருசம், இரவுப் பணி.
பணகுடிப் பக்கம் காற்றாலைக்குக் காவல் இருக்கிறவர்,
சப்பாணிமுத்து என்று பெயர்.
"லேசாக் கடுக்கு தாயி" என்றார்,
என்னைத் தொந்தரவு செய்வதுபோல.
பார்த்தேன். புறங்கை பொதுபொதுவென்று, பச்சைத்தண்ணியாய்.
யாரையாவது கூப்பிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.
ஓடினேன்.
சிஸ்டர் பிரசவ வார்டில், டாக்டர் கீழே விபத்துக் கேஸில்,
நீளமான வராண்டா, என் செருப்புச் சத்தம்.

திரும்பி வர ஏழு நிமிடம்.
நிமிடத்துக்கு முப்பத்தொரு சொட்டு;
நானே கணக்குப் போட்டு வைத்தது, தப்பே இல்லாத கணக்கு.
முப்பத்தொன்றை ஏழால் பெருக்கு.
இருநூற்றுப் பதினேழு.
நிறுத்துகிற சக்கரம் குழாயிலேயே இருந்தது,
என் பெருவிரலுக்கு ஒரு சாண் தூரத்தில்.

வீக்கம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது.
போகும்போது அவர் எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார்.
அதை நான் தின்னவில்லை,
யாருக்குக் கொடுத்தேன் என்று ஞாபகமும் இல்லை.

இ. வட்டத்தை நிரப்பினேன்.
நிரம்பிய பிறகும் பேனா நிற்கவில்லை.
அறுபத்துநான்குக்கு வர நேரம் பிடித்தது.

வெளியே வெயில். நன்னாரி சர்பத்.
"அறுபத்துமூணுக்கு 'அ' தானட்டி?
டாக்டர்ட்ட கேக்காம நம்ம எப்படி நிறுத்த?"
ஜாஸ்லினுக்கு ஏற்கெனவே முகம் சுண்டியிருந்தது.
பாத்து என்னைப் பார்த்தாள்.
"இவா 'இ' போட்டிருக்கா. எந்தப் புஸ்தகத்துலட்டி இருக்கு?"

ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.
ஈரமான கண்ணாடி டம்ளரின் மேல்
என் பெருவிரல்
இல்லாத ஒரு சின்னச் சக்கரத்தைக்
கீழே உருட்டியது,
மறுபடியும் கீழே.