இரட்டைத் தையல்

கத்தரிக்கோலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்
பொலிஸ்காரர்.
பெரிய வெள்ளி, பைகளைத் திறந்து காட்டவேண்டும்.
என் பையில் வேதாகமம், தண்ணீர்ப் போத்தல்,
நாடகப் பிரதி, முள்முடிக்கென்று வளைத்த கம்பி.
கம்பியை விட்டுவிட்டார்.
சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டபடி
யாரோ ஒருவரின் குடைக்குப் பக்கத்தில்
என் பெயரெழுதிய துண்டோடு வைத்தார் கத்தரிக்கோலை.
நான் வாதாடவில்லை.
ஏன் திறக்கிறார்களென்று
முகத்துவாரத்தில் ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஆறு கிழமை தைத்த திரை அது.
"நாடகமெண்டால் ஹோலில போடுங்கோ,
ஆராதனைக்குள்ள வேண்டாம்" என்றார் போதகர்.
அடுத்த கிழமை, "வசனம் பேசாமலெண்டால் சரி."
அதற்கடுத்த கிழமை தன் பழைய அங்கியொன்றைத் தந்தார்,
கமக்கட்டில் கிழிந்தது.

உங்களுக்கும் கடவுளுக்கும் நடுவே தொங்குவது எதுவோ
அதிலிருந்து ஒரு துண்டு கொண்டுவாருங்கள்,
என்று அறிவித்திருந்தோம்.
எழுதியவள் நான். கொஞ்சம் பெருமையும்தான்.

வந்தவை
தலையணை உறைகள், ஒரு பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டி,
தொடர்மாடி ஜன்னல் திரையில் பாதி,
கோதுமை மா மணக்கும் துறைமுகச் சாக்கு.
டொறத்தி அக்கா ஒரு நீலச் சாரம் தந்தா.
மடிப்புக் கலையாமல் இருந்தது, எத்தனையோ வருசத்து மடிப்பு.
யாருடையதென்று ஒருவரும் கேட்கவில்லை.

சுகிர்தாதான் தைத்தாள்.
"கிழியவேண்டிய திரை, லேசாத் தை" என்றேன்.
தலையாட்டினாள்.
ஆனால் காலை ஏழு முதல் ஜீன்ஸ் பொக்கற் தைக்கிற கைகளுக்கு
லேசு என்றொரு தையல் தெரியாது.
மூலைக்கு மூலை பூட்டு, ஓரமெல்லாம் இரட்டை ஓட்டம்.
பிரிந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

அதற்குத்தான் கத்தரிக்கோல்.
உச்சியில் ஒரு வெட்டு வெட்டிவிடலாம் என்றிருந்தேன்.

மூன்று மணி. மின்விசிறிகளை நிறுத்தினோம்.
ஏணியில் நின்ற ஷெவோனும் நிதர்சனும்
ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.
திரை சிரித்தது போல் ஒரு சத்தம், அவ்வளவுதான்.
மறுபடி இழுத்தார்கள். மூங்கில் வளைந்தது.
பின்வாங்கில் ஒரு பிள்ளை உண்மையாகவே சிரித்தது.

திரைக்குப் பின்னால்
கையில் பிரதியோடு வியர்த்துக்கொண்டு நின்றேன்.
பிரதியில் இதற்கு வரி இல்லை.

துணியின் அடிவிளிம்புக்குக் கீழே
இரண்டு பாதங்கள் வந்து நின்றன.
பாட்டா செருப்பு, வீங்கிய கணுக்கால்.
முழங்கால்கள் மடங்கின, மெல்ல, ஒவ்வொன்றாக.
பிறகு அந்தச் சத்தம்.
புடவைக்கடையில் கேட்டிருப்பீர்கள்,
விளிம்பைப் பல்லால் கடித்து
ஒரே இழுப்பில் கிழிக்கிறபோது.

தையலில் அல்ல.
தையலில் கிழியாதென்று அவவுக்குத் தெரிந்திருக்கிறது.
தன் துணியின் நட்டநடுவில்.

பிறகு வேறு பாதங்கள்.
குதிகால் சப்பாத்து, வெறுங்கால், சப்பாத்தில்லாத ஒரு காலுறை,
ஊன்றுகோலின் ரப்பர் நுனி,
கடைசியாக, பொலிஷ் பண்ணிய கறுப்புச் சோடி
அங்கியின் கரையைத் தூக்கிக்கொண்டு.
அவரவர் துண்டை அவரவர் கடித்தார்கள்.
சுகிர்தா மட்டும் கடிக்கவில்லை.
ஏதோ ஒரு நூலை நகத்தால் தேடிப்பிடித்து உருவினாள்,
ஒரு வரிசை முழுவதும் தானாகவே விட்டுக்கொடுத்தது.

மேலிருந்து கீழ்வரைக்கும் என்று எழுதியிருக்கிறது.
எங்களுடையது கீழிருந்து போனது.
போதகர் அதைப் பற்றி இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை.

திரைக்கு அப்பால் ஒளிரவேண்டிய சிலுவையின் சுவிட்ச்
என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.
போட மறந்துபோனேன்.
ஆகவே, மகாபரிசுத்த ஸ்தலத்தில் சபை கண்டது
ஈரம் ஊறிய சுவரையும்
கசங்கிய தாளோடு நிற்கும் என்னையும்.

டொறத்தி அக்கா எழும்பக் கை நீட்டினா, பிடித்தேன்.
அவவின் கீழுதட்டில்
ஒரு நீல நூல் ஒட்டியிருந்தது.
நான் சொல்லவில்லை.
அவவும் துடைக்கவில்லை.