பகுதி எண்

முதலாம் வருடம் படித்ததில் மறக்காமல் நிற்பது இதுதான்:
மேலே நோயாளிகள், கீழே சனம்.
மேலே உள்ளது தொகுதி, கீழே உள்ளது பகுதி.
நடுவில் ஒரு கோடு. ஆயிரத்தால் பெருக்கு.
"கீழேதான் பிழை வரும்" என்றார் விரிவுரையாளர்,
"மேலே உள்ளவன் தானாகவே கிளினிக்குக்கு வந்து சேருவான்."
மின்விசிறி சுற்றாத மண்டபத்தில்
அரை நித்திரையில் எழுதிக்கொண்டோம்.

இரண்டாம் வருடம், ஆவணி, ஒட்டறுத்தகுளம்.
முப்பது வீடு எனக்கு, முப்பது வீடு ருக்ஷிகாவுக்கு.
சிறுநீரகம், கிணறு, கக்கூஸ் என்று
நாற்பத்திரண்டு கேள்வி.
மதவடியில் சைக்கிள் காற்றுப் போனது.
உருட்டிக்கொண்டே போனேன்,
ஒரு நாய் மட்டும் கடைசி வரை கூட வந்தது.

கேள்வி பதினேழு: மலசலகூடம் உண்டா?
ஒரு வளவில் மூன்று உண்டு.
ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறுவனத்தின் பெயர்,
ஒவ்வொரு வருடம், ஒவ்வொரு நீலம்.
ஒன்றில் பசளை மூட்டை.
ஒன்றில் கோழி அடை கிடந்தது,
கதவைத் திறந்ததற்கு என்னைப் பேசியது.
படிவத்தில் ஆம், இல்லை மட்டும்தான்.
ஆம் என்று போட்டேன்.
கோழிக்குத் தனிக் கட்டம் இல்லை.

பதினாலாம் வீடு.
கமலவேணி, வயது ஐம்பத்தாறு,
மிளகாய் காயப்போட்டபடி பதில் சொன்னார்.
மனுசனுக்குக் கிழமையில் இரண்டு தரம்
வவுனியாவில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும், முதல் பஸ்.
"இண்டைக்கும் அங்கைதான்."
வீட்டில் எத்தனை பேர்?
"ஏழு."
பெயர்களைச் சொன்னார், எழுதினேன்.
வயது?
"மூத்தவனுக்குப் பத்தொன்பது. மற்றவனுக்குப் பதினாறு.
பிறகு இவள், இருபத்தொன்பது.
கடைசி இரட்டை, பதினொண்டு பதினொண்டு."

மூத்தவனுக்குப் பிறகு பிறந்தவள்
மூத்தவனை விடப் பத்து வயது கூட.
பேனை நின்றது.
"இப்ப சாப்பிடுறது மூண்டு பேர்" என்றார்
மிளகாயைக் கிளறிவிட்டு,
"உம்மடை படிப்புக்கு எது வேணுமோ அதைப் போடும்."

ஏழில் ஒன்று. மூன்றில் ஒன்று.
கேட்காமலே மனக்கணக்கு ஓடியது:
பிள்ளைகளைச் சேர்த்தால் நோய் சிறுக்கிறது,
எடுத்தால் பெருக்கிறது.
கோட்டுக்குக் கீழே நான்கு பேர் நின்று
தகப்பனின் வருத்தத்தைத் தோளில் தாங்கிக் குறைப்பார்கள் என்று
எந்த விரிவுரையிலும் சொல்லவில்லை.

கிணற்றில் மாதிரி எடுத்தேன்.
போத்தலில் இலக்கம், திகதி, நேரம்.
"இந்தத் தண்ணி குடிக்கலாமோ?"
முடிவு வர ஆறு கிழமை என்றேன்.
"அதுவரைக்கும்?"
நாற்பத்திரண்டில் அந்தக் கேள்வி இல்லை.

அதே வாளியால் கேத்தில் நிறைந்தது.
இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி,
உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி.
தன் வீடுகளை முடித்து வந்த ருக்ஷிகா
கண்ணால் வேண்டாம் என்றாள்.
நான் குடித்தேன்.
பிறகு அவளும் குடித்தாள்.
பனங்கட்டியையும் மீறிக்கொண்டு
நாக்கில் சவர் நின்றது.

இரவு, பாடசாலை மண்டபத்தில் தரவேற்றம்.
மேற்பார்வையாளர் சிவப்புப் பேனையால்
ஏழை மூன்றாக்கினார்.
வயதுக் கட்டங்கள் நான்கில் 99.
"மிஸ்ஸிங்" என்றார். "காணாமல் போன பெறுமானம்.
தொண்ணூற்றொன்பது போட்டால்
கொம்பியூட்டர் அதைத் தாண்டிப் போய்விடும்."
சொன்ன பிறகு கொஞ்ச நேரம்
அவரும் திரையைப் பார்க்கவில்லை.
அவருக்கு ஊர் முள்ளியவளை.

படிவத்தில் தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம்
ஏழையும் மூன்றையும் ஒன்றாக வளைத்துக் கிடந்தது.
அதற்கு எந்த நிரல் என்று நான் கேட்கவில்லை.

நாலாம் நாள் ருக்ஷிகா கேட்டாள்,
"உனக்கு வயித்துக்கை ஏதும் செய்யுதோ?"
இல்லை என்றேன். உனக்கு?
"இல்லை. இன்னும் இல்லை."
எங்கள் போத்தல்கள்
கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தன.