இருபதாம் தேதி

குலசேகரத்தில் எங்கள் வீட்டுக்குள் போன் சிக்னல் வராது.
மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே
இரண்டடி இடத்தில் மட்டும் வரும்.
என் அலுவலகத்துக்கு வாசல் அதுதான்.

ஒன்பது கடைகளின் கணக்கு என் மேசைமேல்.
அருமனை ஞானசிகாமணியின் ரப்பர் ஷீட்,
திருவட்டாறில் பெயிண்டும் ஆணியும் விற்கிறவர்,
பேக்கரி ஒன்று, மற்றவை சில்லறை.
மாதத்துக்கு எழுநூறு என்று பேச்சு.
சிலர் ஒரு குலை மட்டிப்பழத்தை இறக்கிவைத்து
"அடுத்த மாசம் பாப்போம்" என்பார்கள்.
மட்டிப்பழத்தால் கரண்ட் பில் கட்ட முடியாது.
தின்னலாம். தின்கிறோம்.

ரெஜின் மூன்றாம் வகுப்பின் பாதியில் வீட்டுக்கு வந்தவன்.
வாசி என்று எழுப்பி நிறுத்தினார்கள்.
முதல் எழுத்திலேயே அவன் நின்றுபோக
மிச்சத்தை வகுப்பே கூடிச் சொல்லி முடித்தது.
மறுநாள் காலை ஷூக்கள் கிணற்றில்.
ஒன்றைப் பாளையால் இழுத்து எடுத்தேன்.
மற்றது இன்னும் அடியில் கிடக்கிறது.
அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

மதிலுக்கு மேல் தலை நீட்டி தங்கபாய் அக்கா கேட்டார்:
"ஆம்பள இல்லாத வீடு. நீ சம்பாதிப்பியா, இவனப் படிப்பிப்பியா?"
ரெண்டும் ஒரே மேசையிலதான் அக்கா, என்றேன்.
அது முழு உண்மை இல்லை.
அவன் பின்னம் போடும்போது நான் தூங்கி விழுகிறேன்.
நான் போனில் வாதாடும்போது அவன் ஒரு கேள்வியோடு வந்து நிற்கிறான்.
திரும்பிப் பார்க்கையில் கேள்வி ஆறி
சாயாவைப்போல் ஏடு கட்டியிருக்கும்.

சதவீதம் அவன் பழகியது ஞானசிகாமணியின் பில்லில்.
ரப்பருக்கு ஐந்து, பெயிண்டுக்குப் பதினெட்டு.
"மரத்துல இருந்து பாலா சொட்டும்போது எவ்ளோம்மா?"
அவன் அதைக் கேட்டு முடிக்க ஒரு நிமிடம் ஆனது.
எனக்குப் பதில் தெரியவில்லை.
'தேடணும்' என்று நோட்டில் எழுதிவைத்தோம்.
அந்த நோட்டில் இப்போது எண்பது தேடணும்.

இன்று இருபது.
பேச்சிப்பாறைப் பக்கமிருந்து மழை இறங்கி
ரப்பர் இலைகளை அடிக்கிறது.
எட்டுக் கடை அனுப்பியாயிற்று, மணி பதினொன்றே முக்கால்.
பன்னிரண்டு தாண்டினால் நாளுக்கு ஐம்பது ரூபாய் அபராதம்,
அது என் எழுநூறில்தான் கழியும்.
ஓடிபிக்கு ஆறு எண்கள், பத்து நிமிடம்.
மாடியில் குடைக்குள் போனோடு அவன்.
படிக்கட்டின் கீழ் மடிக்கணினியோடு நான்.

"ஏ… ஏ… ஏ…ழு."
மூன்று ஏழு அல்ல, ஒன்று.
என் விரலுக்கு அது தெரியும்.

"நா…"
மழை.
"நா… நா…"
நாவில் தொடங்கும் எண் வேறு கிடையாது.
விரல் நாலின்மேல் இருக்கிறது. அழுத்தவில்லை.
வகுப்பு செய்ததை நான் செய்யமாட்டேன்,
ஐம்பது ரூபாய் போனாலும்.
"நாலு."
அழுத்தினேன்.

"ஒ…"

ஒண்ணா, ஒம்பதா?
இதை என்னாலும் ஊகிக்க முடியாது.
அருமனையில் குறட்டை விடும் ஞானசிகாமணியால் முடியாது,
டெல்லியில் இந்தக் கணக்குக்காக விழித்திருக்கும் இயந்திரத்தால் முடியாது.
எல்லோரும் காத்திருக்கிறோம் மக்ளே.
இந்த ஒரு எழுத்துக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று
மழைக்குள் நிற்கும் உனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஒ… ஒ…"

திரையில் நொடிகள் குறைகின்றன.
இன்வெர்ட்டர் கீச்சிடுகிறது.

"ஒம்பது!"
கத்தினான். தங்கபாய் அக்கா வீட்டில் லைட் எரிந்தது.

மிச்ச மூன்றும் எப்படி வந்தன என்று நினைவில்லை.
பதினொன்று ஐம்பத்து மூன்றுக்குப் பச்சை நிறத்தில் ஒரு வரி.

நனைந்து இறங்கி வந்தவன் ஒன்றும் பேசவில்லை.
இரண்டு மட்டிப்பழம் தின்றான்.
தோலை ஞானசிகாமணியின் பில்மேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனான்.
நான் பில்லைத் துடைத்து
கம்பியில் குத்தினேன்.