சேற்றுமீனுக்கு ஒரு வாக்கியம்

பாலேக் பூலாவ். அலையாத்திக் காட்டின் நடைபாலத்தில்
வைக்கப்போகும் பலகைக்கு எழுதிக் கொடுத்தேன்:
"கரையேற முயன்று முயன்று
இந்த மீன்
துடுப்பைக் காலாக்கிக்கொண்டது."

தவமணி சிவப்பு மையால் அடித்தாள்.
"எதுவும் எதையும் ஆக்கிக்கொள்ளவில்லை.
ஊன்ற முடிந்தவை மிஞ்சின.
மற்றதைக் கொக்கு தின்றது."

ஒரே பிறப்பில், திடீரென்று முளைத்திருந்தால்?
'திடீரென்று' என்பதையும் அடித்தாள்.

சரிதான்.
பட்டர்வொர்த் துறைமுகத்தில் முப்பது வருட மூட்டை,
அப்பாவின் வலத்தோள் காய்த்துக் கிடந்தது.
என் தோளில்
மடிக்கணினிப் பையின் வார்த்தடம் மட்டும்.

திருத்தி அனுப்பினேன்.

இன்று நீர் வற்றும் நேரம்.
வேரில் ஏறிய ஒன்று
வழுக்கிச் சேற்றில் விழுந்தது.
மறுபடி ஏறுகிறது,
பலகைக்கு முதுகு காட்டி,
முயன்று
முயன்று.