எந்த வாசல்

பத்து மீட்டருக்கு ஒருமுறை நிற்கிறேன்.
கம்பில் கட்டிய வெள்ளைக் கம்பளித் துணி
கயிற்றின் முனையில், அடங்காத நாய்போல
புல்லில் புரண்டு பின்னால் வருகிறது.
திருப்பிப் போட்டு, முட்டி போட்டு,
கசகசா தேடுகிறேன்.
கசகசாவுக்குக் கால் முளைத்திருந்தால்
இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போடுகிறேன்.

சாரேமா தீவில் மே மாதம்.
ஜூனிபர் புதர்களுக்குள் குளிர் இன்னும் கிளம்பவில்லை.
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒன்பது.
கல்லறைத் தோட்டத்து வேலியோரம் முப்பத்தொன்று.
கடற்கரைக் கல்வெளியில் பூஜ்யம்.
பூஜ்யத்தையும் எழுத வேண்டும்,
அதை விட்டுவிட்டால் வரைபடம் பொய் சொல்லும்.

உண்ணி தாவாது, பறக்காது,
மரத்திலிருந்து தலையில் விழாது
(விழும் என்றுதான் ஊரே சொல்கிறது).
புல்நுனி ஏறி, முன்னங்கால்களை நீட்டி,
யாராவது உரசிப்போக மாட்டார்களா என்று நிற்கும்.
தவம் என்று குறிப்பேட்டில் எழுதினேன் ஒருநாள்.
அடித்துவிட்டு, பசி என்று எழுதினேன்.

ஆயுளுக்கே மூன்று சாப்பாடு அதற்கு.
முட்டையிலிருந்து வரும்போது ஒரு பாவமும் அறியாது.
முதல் பந்தி எலியிடம். அங்கே வாங்கிக்கொள்கிறது
திருகாணிபோல் சுழன்று நீந்தும் கிருமியை.
மாதக்கணக்கில் வயிற்றில் வைத்திருந்து
இரண்டாம் பந்தியில் கொடுத்துவிடுகிறது,
ஆள் பார்க்காமல்.
மூன்றாவதுக்குத்தான் பெரும்பாலும் மான்.
மானின் ரத்தத்தில் அந்தக் கிருமி தங்குவதில்லை.
ஊர்க்கூட்டத்தில் சொன்னேன்.
மான் இல்லையென்றால் உண்ணி பெருகுவது கடினம்,
அதையும் சொன்னேன்.
இரண்டாவதை மட்டும் கேட்டுக்கொண்டு
துப்பாக்கிக் கணக்குப் பேசினார்கள்.
பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

மதியம் தபால்காரர் எண்டெல் வந்தார்.
போன செப்டம்பரில் அவர் இடது முகம் தொங்கிவிட்டது.
வாதம் என்று சில நாள் நினைத்தார்கள்,
பிறகு முதுகில் ஊசி குத்தி நீரெடுத்து
வேறு பெயர் சொன்னார்கள். மருந்து கேட்டது.
சிரிப்பு மட்டும் இன்னும் ஒரு பக்கம்.

ஜாம் பாட்டில் ஒன்றை நீட்டினார்.
மூடியில் "நெல்லிப்பழம், சர்க்கரை குறைவு".
உள்ளே சாராயத்தில் நாற்பத்தாறு உண்ணிகள்:
தன்மேல் எடுத்தவை, நாய்மேல் எடுத்தவை,
தபால் பையில் ஊர்ந்தவை.
"இதில் எது?"

எதில் கிருமி இருக்கிறது என்று
என்னால் அரைத்துப் பார்த்துச் சொல்ல முடியும்.
உங்களைக் கடித்தது இதில் இருக்காது, எண்டெல்.
அது வயிறு நிறைந்து தானாக விழுந்திருக்கும்
நீங்கள் யாருக்கோ கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தபோது.

பாட்டிலைத் திரும்ப வாங்கவில்லை அவர்.
வெகுநேரம் கழித்துக் கேட்டார்:
"அப்படியென்றால், ஏறியது எந்த வாசலில்?"

இரண்டு நாளாக அவர் பாதையில் துணி இழுக்கிறேன்.
காலுறைக்குள் பேண்டைச் செருகிக்கொண்டு
சாலையின் நடுவில் நின்றே அவர் சொல்கிறார்:
இது லைனேயின் பெட்டி, புல் வெட்டமாட்டாள்;
இது மூடிக் கிடக்கும் வீடு, வரி நோட்டீஸ் மட்டும் வரும்.
லைனேயின் பெட்டியடியில் நான்கு.
மூடிக் கிடக்கும் வீட்டில் பதினேழு.
அங்கேதான் என்று முடிவு கட்டிவிட்டார்.
நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

இரவு, கண்ணாடி முன், ஆடையில்லாமல்,
முழங்கால் மடிப்பில் ஒரு கரும்புள்ளி.
மச்சம். பிறந்ததிலிருந்தே இருப்பது.
லென்ஸை எடுத்துவந்து
கால் இருக்கிறதா என்று பார்த்தேன்.