மூன்றாம் தொகுதி

ஒன்பதாம் ஆண்டு முடிகிற கிழமை
ரெங்கதாஸ் சேர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.
மூன்றாம் தொகுதி. ஒன்றுக்கு மட்டும் புள்ளடி.
திங்கட்கிழமை பெற்றோர் கையெழுத்தோடு வர வேண்டும்.

தகவல் தொழினுட்பம்:
ஆறு கணினி இருக்கிறது. இரண்டு எரியும்.
இடி முழங்கினால் அதுவும் இல்லை.
விவசாயம்:
அப்பா வெள்ளவத்தைக் கடையிலிருந்து
போனில் சிரித்தார்,
"அதுக்கு எதுக்குப் புத்தகம்? மலைக்குப் போனா போதுமே."
மனைப்பொருளியல்:
மாஜரீன் கொண்டு வா, முட்டை கொண்டு வா என்பார்கள்.
முட்டை விற்கிற விலைக்கு.
கடைசியில், தாளின் மடிப்பில் பாதி தேய்ந்து,
சுகாதாரமும் உடற்கல்வியும்.

பதினைந்து பேர் சேர்ந்தால்தான் அந்த வகுப்பு.
பதினான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள்.
ஹம்சிகா என் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.
றிஸ்னா தன் மாலு பணிஸில் பாதியைத் தந்தாள்.
மோகனரூபன் ஒன்றும் தராமல்
"நீ வராட்டி எங்க பதினாலு பேருக்கும் மண்வெட்டிதான்"
என்று சொல்லிப் போனான்.

எங்கள் மைதானத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.
மேல் கோல், கீழ் கோல்.
முதல் பாதியில் ஏற்றம் வாய்த்தவர்களுக்கு
மறுபாதியில் இறக்கம். நியாயம் அவ்வளவுதான்.
கடைசியாகப் பந்தைத் தொட்டவர்
தேயிலைக்குள் இறங்கி, கானைத் தாண்டி,
ஓடைக்கரை வரை போய் எடுத்து வர வேண்டும்.
அந்த ஓட்டத்துக்கு
யாரும் நேரம் பார்ப்பதில்லை.
அஞ்சலோட்டத்தில் மூடுபனி இறங்கினால்
கோலை நீட்டிக்கொண்டே பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்.
ஒருமுறை என் கோலை வாங்கியது
எதிர் இல்லத்துப் பிள்ளை.

ஞாயிறு ராத்திரி அம்மா
அட்டை கடித்த காலில் உப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
தாளை நீட்டினேன்.
"இதுல என்ன செய்வீங்க?"
"ஓடுவோம்."
"ஓடுறதுக்குமா பரீட்ச?"
"ஓடுறதப் பத்தி எழுதணும்."
"ஓட வேணாமா?"
"ஓடலாம். மார்க் எழுதுறதுக்குத்தான்."

நம்பாமல் புத்தகத்தை வாங்கினாள்,
ஹம்சிகாவின் அக்கா படித்த பழைய புத்தகம்.
கொண்ணிலை என்ற பாடத்தில் விரல் நின்றது.
பாரம் தூக்கும் சரியான முறை,
பாரம் தூக்கும் பிழையான முறை.
பிழையான படத்தை வெகுநேரம் பார்த்தாள்.
முதுகு வளைந்து, முழங்கால் விறைத்து,
தெரிந்தவர் யாரையோ பார்ப்பதுபோல.
"இந்தாளுக்கு நெத்தியில கயிறு இல்லையே" என்றாள்.

பிறகு எழுந்து, தண்ணீர் வாளி முன்னால் போய்
சரியான படத்திலிருக்கிற மாதிரி
முழங்காலை மடித்தாள்.
எலும்பு சொடுக்கியது.
முதுகு நேராகவே இருக்க, வாளி மேலே வந்தது.
ஒரு சொட்டுச் சிந்தவில்லை.
கீழே வைத்தாள். இன்னொரு தடவை தூக்கினாள்.
"பேனா எங்க?"

அப்படித்தான் நான் பதினைந்தாவது.

மஸ்கெலியாவுக்கு மேலே இந்தப் பக்கத்தில்
சமதரை என்றால் அணைக்கட்டுத் தண்ணீர் ஒன்றுதான்.
மாசி கடைசியில் அது வற்றி இறங்கியபோது
வெடித்த சேற்றில் சேர் எங்களைக் கூட்டிப் போனார்.
கயிறும் சுண்ணாம்பும் ஒரு கணக்குக் கொப்பியும்.
வாழ்க்கையில் முதல் முறையாக
பந்து வைத்த இடத்திலேயே இருந்தது.
றிஸ்னா அதைச் சுற்றி நடந்து பார்த்தாள்.

நூறு மீற்றர் நேராக இழுத்தோம்.
வளைவுக்குப் போவதற்குள்
காவல்காரர் விசிலடித்து வந்துவிட்டார்.
ஓட ஆரம்பிக்கச் சொன்னதென்று நினைத்து
மோகனரூபன் ஓடிவிட்டான்.

வைகாசி மழை நிற்கவில்லை.
வெள்ளிக்கிழமை ஆறாம் பாடவேளையில்
கதவை அடைத்துக்கொண்டு விதிமுறை எழுதுகிறோம்:
ஓடுபாதையின் அகலம் ஒரு மீற்றர் இருபத்திரண்டு.
என் மேசையிலிருந்து பார்த்தால் அணை தெரியும்.
மூன்றாம் ஓடுபாதை என்னுடையது.
அதற்கு மேலே இப்போது
முப்பதடித் தண்ணீர்.