நாற்பது புள்ளிகள்

தார்த்துவில் ஜனவரி.
மணி ஒன்பது, இன்னும் விடிய மனமில்லை வானத்துக்கு.
எமயோகி ஆறு கரையோரம் உறைந்து
நடுவில் மட்டும் கறுப்பாக ஓடுகிறது.
எனக்கென்ன, நான் இருட்டறைக்காரி.

கண்ணாடித் தகட்டில் ஒரு சுண்டெலியின் முட்டை.
எலிக்குப் பதினான்கு மாதம், எங்கள் கணக்கில் கிழடு.
அவள் பிறந்த சில நாளிலேயே
முட்டைகளுக்குள் ஒரே ஒரு மரபணுவை வெட்டினோம்.
இனி சென்ப்-ஏ என்ற ஹிஸ்டோன்
ஒரு துகள்கூடப் புதிதாக வராது.
இருந்ததும் இதற்குள் கரைந்திருக்கும்
என்பது என் பந்தயம்.
ஊர்மாஸோடு, ஒரு கறுப்பு ரொட்டிக்கு.

எண்ணுகிறேன். ஒன்று, இரண்டு.

ஒரு செல்லுக்குள் இரண்டு மீட்டர் நூல்.
படிக்கவும் அதுதான், சிக்கிக்கொள்ளவும் அதுதான்.
எட்டுப் புரதம் சேர்ந்து ஒரு கண்டு,
அதன்மேல் ஒன்றேமுக்கால் சுற்று,
பிறகு அடுத்த கண்டு. இப்படி மூன்று கோடி.

கண்டெல்லாம் ஒன்றுபோல என்று படித்தேன்.
பொய்யில்லை. முழுசும் இல்லை.
செல் இரட்டிக்கும் நாளில் மொத்தமாக வந்திறங்கும் ஒரு வகை.
எந்த நாளும் கூப்பிட்டால் கூலிக்கு வரும் இன்னொன்று.
இரண்டுக்கும் ஐந்தெழுத்து வித்தியாசம்.
ஐந்தெழுத்தில் என்னென்னவோ நடக்கிறது.
இன்னும் ஓர் எழுத்து பிசகினால்
ஒரு குழந்தையின் மூளைத்தண்டில் கட்டி.

இனி இரட்டிக்காத என் மூளைச் செல்களில்
பழைய கண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று
கூலிக்கு வந்தவர்களே குடியேறிவிட்டார்கள்.
நாற்பத்தொரு வயதில் நான் கோபப்படுவது
பெரும்பாலும் புதுக் கண்டில் சுற்றிய பழைய கோபம்.

பதினேழு. கண் எரிகிறது.
வெளியே வந்தால் காவலாளி வெல்லோவின் கணப்படியில்
மூவண்ணப் பூனை.
கறுப்புத் திட்டில் ஓர் எக்ஸ் பேசுகிறது,
செம்பட்டையில் மற்றது.
பேசாத எக்ஸின்மேல்
வாலில் மூட்டை கட்டிய மேக்ரோ ஹிஸ்டோன்
கதவடைத்துப் படுத்திருக்கிறது.
பூனை என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

ஹெய்க்கி போனபோது ஒரே ஒரு பெட்டி.
விந்தணுவும் அப்படித்தான்:
ஏறக்குறைய எல்லாக் கண்டுகளையும் இறக்கி எறிந்து,
புரோட்டமின் கயிற்றால் நூலை இறுகக் கட்டி,
லேசாகப் புறப்படும்.
ஏறக்குறைய என்றேன்.
சிலதை விட்டுவைக்கும், சென்ப்-ஏ உட்பட.
ஹெய்க்கியும் பனிச்சறுக்குக் கட்டைகளை விட்டுப் போனான்.
இன்னும் என் கூடத்தில் நிற்கின்றன.

செவ்வாயன்று மருத்துவமனையில் டாக்டர் சொன்னாள்:
"முட்டைக்கும் உங்கள் வயதுதான்."
தவறு. நாலைந்து மாதம் கூட.
நான் அழக் கற்பதற்கு முன்பே
எனக்குள் அவை காத்திருக்கத் தொடங்கிவிட்டன.
நான் திருத்தவில்லை. கட்டணம் கட்டவும் இல்லை.

முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பது.
ஓரத்தில், சற்று மங்கி, நாற்பது.

"ஹெல்வே, மறுபடி எண்ணு" என்பான் ஊர்மாஸ்.
எண்ணினேன். நாற்பதுதான்.
பிறந்தபோது வைத்தது, ஓராண்டுக்கு மேல்,
மாற்ற ஆளில்லாமல், வைத்த இடத்திலேயே.
செல் பிரியும்போது இழைகள் வந்து
எங்கே பிடிக்க வேண்டும் என்று
ஒரு கை இன்னும் உயர்ந்திருக்கிறது.

இதைப் பெரிதாக்கிக்கொள்ளக் கூடாது.
புள்ளி நிற்கும்; ஜோடியை ஒட்டிவைக்கும் பசைதான்
வயதாக ஆக விட்டுப்போகிறது.
அதை வேறு தகட்டில், வேறு சாயத்தில் பார்க்க வேண்டும்.
எலியில் கண்டது எனக்கும் பொருந்துமா என்பது
இன்னொரு பந்தயம்.

நோட்டில் நாற்பது என்று எழுதி
அடியில் ஒரு கோடு போட்டேன்.
பேனா அழுந்தி மறுபக்கம் தெரிந்தது.
தோற்றவள் ரொட்டி வாங்க வேண்டும்.
பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடை.
மருத்துவமனையும் அந்தப் பக்கம்தான்.